தோப்பில் தங்கும் வண்டிக்கு மின்சாரம்: கட்டணம் கணக்கிடுவது எப்படி?

மணவாளக்குறிச்சி வட்டாரத்தில் 20 சென்ட், 30 சென்ட், அரை ஏக்கர் எனச் சிறு தென்னை விளைகளே மிகுதி. தேங்காயை மட்டும் நம்பாமல் வாழை, மரச்சீனி, நல்லமிளகு என ஊடுபயிர் செய்வது இங்குள்ள விவசாயிகளுக்குப் பழக்கமானதே. சாலையோரத்தில் விளை உள்ளவர்களுக்கு இப்போது மற்றொரு வருமானத்துக்கும் வழி தென்படுகிறது. மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் மாசிக் கொடைக்கு வரும் வேன்களும், முட்டம் கடற்கரையைப் பார்க்க வரும் குடும்பங்களின் வண்டிகளும் இரவு தங்குவதற்கு நிழலும் காவலும் உள்ள இடத்தைத் தேடுகின்றன. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டிகளும் சாலையில் தென்படத் தொடங்கிவிட்டன.

இடத்துக்கு வாடகை பேசுவது எளிது. "கொஞ்சம் கரண்டும் கொடுங்கள்" என்று வண்டிக்காரர் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எவ்வளவு வாங்குவது? எந்த இணைப்பிலிருந்து கொடுப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை தெரியாமல் ஒயரை இழுத்துக் கொடுத்தால், இடவாடகையாக வந்த பணம் மின்கட்டணமாகவும் அபராதமாகவும் போய்விடும். ஆகவே இத்தொழிலில் இறங்க எண்ணும் சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியவற்றை இங்கே காண்போம்.

பிற இடங்களில் நடைமுறை

அண்டை மாநிலமான கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கென அரசு தனித் திட்டம் அறிவித்தது. குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகள் நிறுத்த வசதியும் இருந்தால் கேரவன் பூங்கா அமைக்கலாம் என்பது அதில் கூறப்பட்ட விதி. ஒவ்வொரு வண்டிக்கும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் அகற்றும் வசதி வேண்டும். இத்திட்டத்தின்படி முதல் பூங்கா இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் 2022-இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் கேரவன் நிறுத்தும் இடம் நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ளும் முறை உண்டு.

இங்கிலாந்தில் இது விவசாயிகளின் பழைய துணைத்தொழில். அங்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கம் சான்று அளித்தால், தனி உரிமம் இல்லாமலேயே ஒரே சமயத்தில் ஐந்து வண்டிகள் வரை நிறுத்த இடம் கொடுக்கலாம். இப்படி நடக்கும் சிறு இடங்களில் பல, பண்ணைகளின் ஓரத்தில் உள்ள புல்வெளிகளே. அங்கெல்லாம் மின்சாரத்துக்குப் பணம் வாங்க மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, இடவாடகையிலேயே மின்சாரத்தையும் சேர்த்துவிடுவது. இரண்டாவது, இரவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்குவது. மூன்றாவது, ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்திலும் சிறு மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டுக்கு மட்டும் வாங்குவது. காசு அல்லது அட்டை போட்டால் மட்டும் ஓடும் மீட்டர்களும் உண்டு. பிரான்சு நாட்டில் 6 ஆம்பியர் வேண்டுமா, 10 ஆம்பியர் வேண்டுமா என்று கேட்டு அதற்கேற்ப வாடகை வாங்கும் வழக்கமும் இருக்கிறது.

இவற்றுள் நமக்கு ஏற்றது எது என்று பார்ப்பதற்கு முன், ஒரு வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும்?

1,000 வாட் சக்தியுள்ள சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கும் எளிது.

கொடைக்கு வரும் வேன்காரர் கேட்பது பெரும்பாலும் ஒரு விளக்கும், ஒரு மின்விசிறியும், செல்போன் சார்ஜ் செய்யும் வசதியும்தான். 75 வாட் விசிறி 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். எல்.இ.டி. விளக்கும் செல்போன்களும் சேர்ந்தால் கூட இரவுக்கு ஒரு யூனிட்டை ஒட்டியே நிற்கும்.

குளிர்சாதனம் உள்ள கேரவன் கதை வேறு. ஒரு டன் குளிர்சாதனம் ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். இடையிடையே அது தானாக நின்று ஓடுவதால் இரவு முழுவதற்கும் சுமார் 7 யூனிட் என்று கொள்ளலாம். 2,000 வாட் மின் அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். குளிர்பதனப் பெட்டி ஒரு நாளைக்கு ஒரு யூனிட். வெந்நீர்க் கருவி அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஆக மொத்தம் 11 யூனிட்.

மூன்றாவது வகை, பாட்டரியில் ஓடும் மின்சாரக் கார். 30 யூனிட் கொள்ளும் பாட்டரி முழுவதும் காலியாக வந்தால், இடையில் ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்து, அதை நிரப்ப 33 யூனிட் வரை ஆகும். மாலையில் செருகினால் காலைக்குள் இவ்வளவும் ஏறிவிடும்.

எல்லோருக்கும் இரவுக்கு 60 ரூபாய் என்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு யூனிட்டின் அடக்க விலை 12 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். விசிறி மட்டும் போட்ட குடும்பம் 12 ரூபாய் மின்சாரத்துக்கு 60 ரூபாய் கொடுக்கிறது. குளிர்சாதன வண்டி 132 ரூபாய் மின்சாரத்தை 60 ரூபாய்க்கு எடுக்கிறது. மின்சாரக் காரோ 396 ரூபாய் மின்சாரத்தை அதே 60 ரூபாய்க்கு எடுத்துச் செல்கிறது. குறைவாகச் செலவழித்த ஏழைக் குடும்பம் அதிகம் கொடுக்கிறது. காரில் வந்தவருக்கு நீங்கள் கைப்பணம் கொடுத்து அனுப்புகிறீர்கள். ஒரே தொகை வாங்கும் முறையில் உள்ள குறை இதுவே.

கொடை நாளில் வரும் விளக்கு, விசிறி வண்டிகளுக்கு மட்டும் ஒரே தொகை முறை போதும். அதிலும் அந்த இணைப்பில் 6 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்திவிட வேண்டும். 6 ஆம்பியர் என்பது சுமார் 1,380 வாட். அதற்கு மேல் மின் அடுப்போ வெந்நீர்க் கருவியோ தொடர்ந்து ஓடினால் எம்.சி.பி. தானே விழுந்துவிடும். குளிர்சாதன வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் மீட்டர் கணக்கே சரி.

மோட்டார் இணைப்பைத் தொடக்கூடாது

விளைக்குள் பம்பு செட் இருக்கிறது, அங்கே மின்சாரமும் இருக்கிறது, அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் என்ன என்று தோன்றும். இதுதான் மிகவும் ஆபத்தான எண்ணம்.

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இது பயிருக்குத் தண்ணீர் இறைப்பதற்காக மட்டுமே கொடுக்கப்படுவது. அந்த இணைப்பிலிருந்து வண்டிக்கு விளக்குப் போட்டால், அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்படுத்தியதாகிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, அப்படிப் பயன்படுத்திய மின்சாரத்துக்கு, அந்த உபயோகத்துக்கு உரிய விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம். எப்போதிருந்து பயன்படுத்தினார் என்று தெரியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்கிடுவார்கள். ஓர் இரவு 60 ரூபாய் வாங்கியதற்காக ஓராண்டுக் கணக்கைச் சந்திக்க நேரும். இலவச இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்றவர்கள் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. வண்டியின் தொட்டியை நிரப்ப விவசாய மோட்டாரைப் போடுவதும் பயிருக்கான உபயோகம் ஆகாது. வண்டிக்காரருக்குக் கொடுக்கும் தண்ணீரை, கட்டணம் செலுத்தும் இணைப்பில் உள்ள மோட்டாரால் இறைப்பதே முறை.

வீட்டு இணைப்பிலிருந்து கொடுத்தால்?

வீட்டு இணைப்பு குடியிருப்போரின் உபயோகத்துக்கானது. வாடகைக்கு வண்டிகள் நிறுத்தித் தொழிலாக நடத்தும்போது அதிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இதே 126-வது பிரிவு குறுக்கே வரும். அது ஒருபுறம் இருக்க, கணக்கிலும் நஷ்டம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை.

வீட்டு மின்கட்டணம் படிக்கட்டுப் போன்றது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அட்டவணையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விகிதங்கள் மாறியிருந்தாலும் கணக்கின் போக்கு விளங்கும். அதன்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை எரிப்பவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ, அந்த 2 ரூபாய் 25 காசுப் படியே இல்லாமல் போய், 101 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு ஆகிவிடும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய்.

உங்கள் வீட்டு உபயோகம் 380 யூனிட் என்றால் கட்டணம் 1,035 ரூபாய். வண்டிகளுக்குக் கொடுத்தது 150 யூனிட். ஆக 530 யூனிட்; கட்டணம் 2,190 ரூபாய். மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 13 காசு வருகிறது. அந்த விலைக்கு வண்டிக்காரர்களிடம் வாங்கினால் 150 யூனிட்டுக்குச் சுமார் 620 ரூபாய் கிடைக்கும். ஆனால் வண்டிகள் வராமல் இருந்திருந்தால் உங்கள் கட்டணம் 1,035 ரூபாய்தான். அவர்களால் கூடியது 1,155 ரூபாய். அதாவது யூனிட்டுக்கு 7 ரூபாய் 70 காசு. 535 ரூபாய் உங்கள் வீட்டுக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. வீட்டுக்குக் கிடைக்கும் சலுகையை வழிப்போக்கருக்குத் தாரை வார்த்ததாகவே இது முடியும்.

ஆகவே இத்தொழிலுக்குத் தனி இணைப்புப் பெறுவதே நல்லது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், "வண்டிகள் நிறுத்தி வாடகை வாங்கும் இடம்" என்று வெளிப்படையாக எழுதி விண்ணப்பித்து, எந்த விகிதம் பொருந்தும் என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொடை நடக்கும் பத்து நாட்களுக்கு மட்டும் தேவை என்றால் தற்காலிக இணைப்புப் பெறவும் வழி உண்டு. அதன் விகிதம் கூடுதல் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் செய்யும் நிலையத்துக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-இல் தெளிவுபடுத்தியுள்ளது. அதற்கென மின்கட்டணத்திலும் தனி விகிதம் உண்டு.

அடக்க விலையைக் காண்பது எப்படி?

தனி இணைப்பு வந்துவிட்டால் அடுத்த வேலை, ஒரு யூனிட்டின் அடக்க விலையைக் காண்பது. அட்டையில் உள்ள யூனிட் விலை மட்டும் அடக்க விலை ஆகாது. நிலைக்கட்டணம், மின்சார வரி ஆகியவையும் சேரும். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வண்டிகள் வராது. மாசிக் கொடை, பள்ளி விடுமுறை, ஐயப்ப பக்தர்கள் குமரிக்கு வரும் மார்கழி, தை என்று சில மாதங்களில் கூட்டம் இருக்கும். ஆனி, ஆடி மழையில் ஒரு வண்டியும் வராது. ஆனால் நிலைக்கட்டணம் அந்த மாதங்களுக்கும் உண்டு. மழைக்காலத்தில் 20 யூனிட் ஓடி 900 ரூபாய் வந்தால் யூனிட் 45 ரூபாய் என்று ஆகும். அந்த விலையை யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே ஆண்டு முழுவதும் வந்த ஆறு பில்களையும் கூட்டி, ஆண்டு யூனிட்டால் வகுக்க வேண்டும். ஆறு பில்லும் சேர்ந்து 18,000 ரூபாய், யூனிட் 1,500 என்றால், யூனிட்டுக்கு 12 ரூபாய். முதல் ஆண்டில் பில் கையில் இருக்காது. அப்போது நிலைக்கட்டணத்தை இடவாடகையிலேயே சேர்த்துவிட்டு, யூனிட் விலையையும் வரியையும் மட்டும் மீட்டர்படி வாங்கலாம்.

மின்சாரத்தில் லாபம் வைக்கலாமா?

வைக்காமல் இருப்பதே நல்லது. உரிமம் இல்லாதவர் மின்சார வியாபாரம் செய்வதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. துணை மீட்டர் என்பது மின்வாரியத்துக்குச் செலுத்தும் தொகையை நமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கான கருவி மட்டுமே. அதே காரணத்தால், சாலைக்கு அப்பால் உள்ள வேறொருவர் நிலத்துக்கோ பக்கத்து விளைக்கோ ஒயர் இழுத்துக் கொடுப்பதும் கூடாது.

இங்கிலாந்திலும் இதற்கு ஒரு விதி இருக்கிறது. மின்சாரம் வாங்கி, குடியிருப்பு உபயோகத்துக்கு மற்றவருக்குப் பிரித்துக் கொடுப்பவர், தாம் செலுத்திய விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்குள்ள மின்சார ஒழுங்குமுறை அமைப்பு 2003 முதல் விதித்துள்ளது. கேரவன் இடங்களுக்கும் இது பொருந்தும். நிலைக்கட்டணத்தில் அவரவர் பங்கை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அங்குள்ள பண்ணைக்காரர் தம் உழைப்புக்கும் நிலத்துக்கும் உரிய லாபத்தை இடவாடகையில் வாங்கிக்கொள்கிறார்.

நாமும் அப்படியே செய்யலாம். நிழல், காவல், கழிப்பறை, குப்பை அகற்றுதல், மீட்டர், ஒயர் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து இடவாடகையை நியாயமாக வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை அளந்து அடக்க விலைக்குக் கொடுக்க வேண்டும். பில்லைக் காட்டச் சொன்னால் கூசாமல் எடுத்துக் காட்டலாம். வம்பு வராது, வந்தவர் மறு ஆண்டும் வருவார்.

மீட்டரும் நோட்டுப் புத்தகமும்

ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்துக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒற்றை முனைத் துணை மீட்டர் ஒன்று போதும். அதைப் பூட்டிய பெட்டிக்குள், வெளியிலிருந்து எண் தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வண்டி எண், வந்தபோது இருந்த மீட்டர் எண், போகும்போது இருந்த எண், யூனிட், விலை, தொகை என்று கட்டம் போட்டுக்கொள்ளலாம். வந்த உடனேயே வண்டிக்காரரை அழைத்து எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். யூனிட் விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிடுவது நல்லது. போகும்போது விலை சொன்னால்தான் சண்டை வரும்.

மாதம் ஒரு முறை துணை மீட்டர்கள் எல்லாவற்றின் யூனிட்டையும் கூட்டி, வாரிய மீட்டர் காட்டும் யூனிட்டுடன் ஒப்பிட வேண்டும். கழிப்பறை விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற பொது உபயோகத்தைக் கழித்த பிறகு வித்தியாசம் சொற்பமாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் எங்கோ கசிவோ களவோ நடக்கிறது என்று பொருள். வண்டிகள் எதுவும் செருகாதபோது மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கினாலும் அதே ஐயம் கொள்ள வேண்டும்.

உயிருக்குக் காவல்

கணக்கை விட முக்கியமானது பாதுகாப்பு. வண்டியின் உடல் இரும்பு. நிற்பதோ ஈர மண்ணில். கசிவு ஏற்பட்டால் வண்டியைத் தொட்ட குழந்தைக்கும் ஷாக் அடிக்கும். ஆகவே ஒவ்வொரு பிளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனித்தனியே பொருத்த வேண்டும். கசிவு ஏற்பட்ட உடனே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பது இதுவே. எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. எர்த் குழி முறையாக அமைந்திருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒயரின் கனத்திலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 50 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு ஒயரில் 16 ஆம்பியர் போனால் வோல்டேஜ் சுமார் 14 குறைந்துவிடும். 4 சதுர மில்லி மீட்டர் ஒயரில் சுமார் 9 வோல்ட்தான் குறையும். மெல்லிய ஒயர் சூடேறி உறை உருகும், குளிர்சாதனமும் திணறும். ஒயரைத் தென்னை மரத்தில் ஆணி அடித்துக் கட்டுவதை விட, தேங்காயோ மட்டையோ விழுந்து அறுபடாதபடி குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைப்பதே மேல். கடற்காற்றின் உப்பு இரும்புப் பெட்டியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், மழைநீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியே நம் கரையோரத்துக்கு ஏற்றது. இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், விவசாய இணைப்பைத் தொடாதீர்கள். வீட்டு இணைப்பைக் கலக்காதீர்கள். தனி இணைப்பு எடுங்கள். அளந்து, அடக்க விலைக்குக் கொடுங்கள். லாபத்தை இடவாடகையில் வையுங்கள். ஒன்றிரண்டு வண்டிகளுக்கு மட்டும் இடம் வைத்து ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். நோட்டுப் புத்தகக் கணக்கு லாபம் காட்டினால் மேலும் இரண்டு பிளக்கு வைக்கலாம். காட்டாவிட்டால், தென்னையும் வாழையும் எப்போதும்போல் உங்களிடம் இருக்கும். இலவச மோட்டார் இணைப்பும் பத்திரமாக இருக்கும்.